கரண்டு இல்லாத வயர்

இடி இடித்தால் இப்போதெல்லாம் யார் எழுந்திருக்கிறார்கள், சொல்லுங்கள். நம் வயதுக்காரர்கள் மட்டும்தான். போன வாரம் ஒரு நாள் கொடிமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. கெலுகோரில் என் வீட்டு ஜன்னலில் நின்று பார்த்தால் மலையே காணோம். முதல் இடிக்கே நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். மகன் சோபாவில் கால் நீட்டிப் படுத்துப் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, உக்காருங்க லா. இப்ப உள்ள டிவிக்கு ஒன்னும் ஆகாது. பிளக்கு போடுற கட்டையிலேயே தடுப்பு இருக்கு" என்றான்.

இருக்கட்டும், ரொம்ப நல்லது. ஆனாலும் நான் போய்ப் பிடுங்கினேன். கோல் விழுகிற நேரமாம். என்னைத் திட்டித் தீர்த்துவிட்டான்.

அக்கா போய் மூன்று மாதம் ஆகிறது. அவளிடம் சொல்ல வேண்டிய ஒன்றை நாற்பது வருஷத்துக்கு மேல் வாயிலேயே வைத்திருந்தேன். இனி யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உங்களிடம் சொல்கிறேன். நீங்களாவது அந்தக் காலத்து டிவியைப் பார்த்தவர்கள், பாதி சொன்னாலே புரிந்துகொள்வீர்கள்.

அப்போது நாங்கள் ஜார்ஜ் டவுனில், துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் இருந்தோம். தகரக்கூரை. மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. அக்காவுக்கு பாயான் லெப்பாஸில் கிலாங் வேலை, மின்சாமான் செய்யும் தொழிற்சாலை. எனக்குப் பத்து வயது, அவளுக்குப் பத்தொன்பது. நடுவில் யாரும் இல்லாததால் பாதி நேரம் எனக்கு அவள்தான் அம்மா.

அந்த டிவி அக்காவின் சம்பளத்தில் வந்தது. நான்கு கால் வைத்த மரப்பெட்டி, பக்கவாட்டில் இழுத்து மூடும் கதவு, அதற்கு ஒரு குட்டிச் சாவி. அம்மா அதன் தலையில் தன் கையால் பின்னிய வெள்ளைத் துணியை விரித்து, பிளாஸ்டிக் ரோஜா வைத்த ஜாடியையும் நிறுத்தினாள். போட்டுக் கொஞ்ச நேரம் ஆனதும் சூடேறிய தூசி வாசனை ஒன்று வரும், ஞாபகம் இருக்கிறதா? அணைத்த பிறகு கண்ணாடி நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி நிற்குமே, அது சாகிற வரைக்கும் நான் நகரமாட்டேன். அம்மா முதுகில் ஒன்று வைத்துத்தான் சாப்பிடக் கூப்பிடுவாள்.

ஏரியல் கூரைமேல் இருந்தது. அப்பா ஒரு இரும்புக் குழாயைத் தகரத்தோடு சேர்த்துக் கட்டி, அதன் உச்சியில் மாட்டியிருந்தார். அங்கிருந்து பழுப்பு நிறப் பட்டை வயர் ஒன்று ஜன்னல் இடுக்கு வழியாக வந்து டிவியின் முதுகில் ஒரு கிளிப்பில் சேரும். அந்தக் கிளிப் ஆடிப்போன கிளிப். ஒரு தடவை கழற்றினால் அதை மறுபடி சரியாக மாட்ட அப்பாவுக்குத்தான் வரும். நானோ அக்காவோ மாட்டினால் படத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் பக்கத்தில் இன்னொரு ஆள் நிழலாக நிற்பான்.

எங்கள் வீட்டில் அப்பா போட்ட சட்டங்கள் கொஞ்சம்தான். அதில் முதலாவது, முதல் இடிச் சத்தம் கேட்டதும் டிவி பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். துறைமுகத்தில் அவரோடு வேலை பார்த்த ஒருவர்மேல் இடி விழுந்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அந்த ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அப்பாதான். அதைப் பற்றி அவர் வாயைத் திறந்ததே இல்லை, அம்மாதான் சொன்னாள். வானம் உறுமத் தொடங்கியதும் அம்மா நிலைக்கண்ணாடியில் துண்டைப் போட்டு மூடுவாள், அரிவாள்மனையைச் சாக்குக்கு அடியில் தள்ளுவாள். நாங்கள் பலகையில் ஏறிக் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார வேண்டும். கால் சிமெண்டுத் தரையில் பட்டால் அப்பாவின் முறைப்பே போதும்.

அக்கா வேலை செய்த இடத்தில் நீல நிறத்தில் சின்னச் சின்ன வில்லைகள் செய்தார்கள். பத்து காசு அளவுதான் இருக்கும், கீழே கம்பி மாதிரி இரண்டு கால். கழித்துப் போட்டதில் ஒன்றை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இது எதுக்குக்கா?"

"கரண்டு அளவுக்கு மேல பாய்ஞ்சு வந்தா இது முன்னாடி நின்னு வாங்கிக்கும். இது செத்துரும், டிவி பொழைச்சுக்கும்."

"நம்ம டிவிக்குள்ள இருக்கா?"

"இருக்கும். ஆனா இத நம்பி உக்காந்திருக்க முடியாது. பக்கத்துல இடி விழுந்தா இதெல்லாம் எம்மாத்திரம்?"

அவள்தான் எங்கள் வீட்டில் இன்னொரு சட்டத்தையும் கொண்டுவந்தாள். மின்னல் இரண்டு வழியாக வருமாம், ஒன்று பிளக், இன்னொன்று ஏரியல். இரண்டையும் எடுத்தால்தான் எடுத்த மாதிரி. இதைக் கேட்டு அப்பா சிரித்தார்.

"அந்த வயருல கரண்டே இல்லியே. கரண்டே இல்லாத வயருல என்ன வரும்? கிலாங்குல ஏதாச்சும் சொன்னா அப்படியே நம்பிருவியா?"

அக்கா எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். டிவி மூலையில் சுவரோடு ஒட்டி இருந்தது, பின்னால் நுழைகிற அளவுக்கு என் கைதான் சின்னது. ஆகவே பிளக் அவளுக்கு, ஏரியல் எனக்கு. அப்பா வீட்டில் இல்லாதபோது இடி வந்தால் இதுதான் ஏற்பாடு. நானும் ஒழுங்காகத்தான் செய்துவந்தேன், அந்த ஒரு நாளைத் தவிர.

தீபாவளிக்கு முன்னால் வரும் மழைக்காலம் அது. தினமும் மதியத்துக்குமேல் இடி. அந்த மாதத்தில்தான் அக்காவின் சூப்பர்வைசர் அவள் பெயரை ஒரு படிப்புக்கு எழுதிக் கொடுத்தார். கோலாலம்பூரில் எட்டு மாதம், தங்க இடமும் அவர்களே தருவார்கள். முடித்து வந்தால் வரிசையில் உட்கார்ந்து வில்லைக்குக் கால் வளைக்கும் வேலை கிடையாது, வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு சோதனை அறையில் வேலை. அந்த லைனில் இருந்த அத்தனை பெண்களில் இவள் ஒருத்தி பெயர்தான் போயிருந்தது. விண்ணப்பப் பாரத்தில் அப்பாவின் கையெழுத்து வேண்டும்.

இரண்டு வாரம் அப்பா பேசவே இல்லை. அம்மா மட்டும் "பொம்பளப் புள்ள, தனியா, அவ்வளவு தூரமா" என்று அடுப்போடு பேசிக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா கோப்பி குடித்துக்கொண்டே கேட்டார்.

"அங்க சாப்பாடெல்லாம் எப்படி? நம்ம சாப்பாடு கெடைக்குமா?"

அக்கா என்னைப் பார்த்தாள். எங்கள் அப்பாவைத் தெரிந்தவர்களுக்கு அது சம்மதம். அவர் பாரத்தை வாங்கிப் பலகைமேல் வைத்துப் பேனாவைத் திறந்தார். பேனா எழுதவில்லை. உதறினார், ஊதினார், நாக்கில் தொட்டுக்கூடப் பார்த்தார். ம்ஹூம்.

"நாளைக்கு ஆபீஸ்ல நல்ல பேனாவா வாங்கியாறேன்" என்று பாரத்தை டிவிமேல் ஜாடிக்கு அடியில் வைத்தார். அன்றைக்கு அக்கா பாத்திரம் கழுவும்போது தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவள் அப்படிச் சிரித்து அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானம் டிவியில் தமிழ்ப் படம். வரிசை வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரைப் படம் பார்க்க வரச்சொல்லி வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் டிவி இருப்பதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அம்மா சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள், அப்பா வேலைக்கு. அக்காவுக்கு அந்த வாரம் இரவு வேலை. காலையில் பஸ்ஸில் வந்து இறங்கிப் படுத்தவள் அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள்.

முதல் இடி இடித்தது. அக்கா எழுந்து வந்தாள். முடி அவிழ்ந்து கிடந்தது, கண் பாதிகூடத் திறக்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டேதான் நடந்தாள். குனிந்து பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டாள்.

"ஏரியலக் கழட்டிரு பாப்பா" என்றாள்.

"சரிக்கா."

போய்ப் படுத்துவிட்டாள். நான் கையைப் பின்னால் விட்டேன். கிளிப்பைத் தொட்டும்விட்டேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இதைக் கழற்றிவிட்டால் படம் தொடங்குகிற நேரத்துக்கு யார் மாட்டுவது? அப்பா வர ஐந்து மணிக்குமேல் ஆகும். பிள்ளைகள் வந்து உட்கார்ந்துகொண்டு இரட்டை இரட்டையாக ஆள் தெரிவதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதுவுமில்லாமல் அப்பாவே சொல்லியிருக்கிறாரே, அது கரண்டு இல்லாத வயர். கையை வெளியே எடுத்துக்கொண்டேன். பலகையில் ஏறிக் காலைத் தூக்கி உட்கார்ந்தேன்.

அந்த இடி எங்கே விழுந்தது என்று இன்றைக்கும் தெரியாது. எங்கள் கூரையிலா, பக்கத்துக் கம்பத்திலா? வீடு முழுக்க வெள்ளையாகிவிட்டது. டிவிக்குப் பின்னால் நீலமாக ஒன்று பட்டென்று தெறித்தது. உடனே கருகல் நாற்றம்.

"பாப்பா, ஒன்னும் இல்லியே?" அக்கா அறையிலிருந்து கத்தினாள்.

"ஒன்னும் இல்லக்கா."

அவ்வளவுதான், திரும்பத் தூங்கிவிட்டாள். இரவு வேலைத் தூக்கம் எப்படிப்பட்டது என்று அந்த வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மழை விட்டதும் பிள்ளைகள் வந்தார்கள். நான் பிளக்கை மாட்டி டிவியைப் போட்டேன். கண்ணாடி முழுக்க உப்பைக் கொட்டிய மாதிரி புள்ளி புள்ளியாக வந்தது, உஸ்ஸென்ற இரைச்சல். குமிழைத் திருகித் திருகிப் பார்த்தேன், எல்லா இடத்திலும் அதே உப்பு. பிள்ளைகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அப்புறம்தான் எனக்கு விஷயம் உறைத்தது. கையை விட்டு ஏரியல் வயரை இழுத்தேன். கிளிப் கரியாகிக் கையோடு உதிர்ந்து வந்தது. வயரை அப்படியே ஜன்னலோரம் தொங்கவிட்டேன், கழற்றி வைத்த மாதிரியே இருக்கட்டும் என்று. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். டிவியை அணைத்தேன். பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. பத்து வயதுக் கள்ளிக்கு அவ்வளவுதான் மூளை.

அப்பா வந்தார். சட்டைப் பையில் புதுப் பேனா ஒன்று இருந்தது. வாசலிலேயே மூக்கை உறிஞ்சினார், டிவியைப் போட்டார், பார்த்தார். குனிந்து சுவரைப் பார்த்தார். பிளக் சுவரில் இருந்தது.

"யாரு பிளக்கப் புடுங்காம விட்டது?"

அக்கா அறையிலிருந்து வந்தாள். "நான் புடுங்கினேன்பா."

"புடுங்கின பிளக்கு சுவத்துல எப்படி இருக்கு? பேயி வந்து மாட்டுச்சா?"

அக்கா பிளக்கைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"பாப்பா, ஏரியலக் கழட்டுனியா?"

"கழட்டிட்டேன்கா. இந்தா, தொங்குது பாரு."

அவள் முகம் குழம்பியது. அப்பாவிடம் பேசவில்லை, என்னிடம்தான் கேட்டாள். "நான் வந்தேன்ல? வந்து புடுங்கினேன்ல? நீ பாத்தல்ல?"

நான் சொன்னது இதுதான். மாற்றாமல் எழுதுகிறேன். "எனக்குத் தெரியாதுக்கா. நான் ஜன்னல்கிட்ட இருந்தேன்."

அக்கா தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "கனவுல புடுங்கினேனா?" என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டாள்.

அப்பா கை ஓங்கவில்லை. ஓங்கியிருந்தால் தேவலை. "வீடு பத்தி எரிஞ்சிருந்தா ரெண்டு பேரையும் நான் எங்க போயித் தேடுவேன்?" என்றார். பிறகு ஜாடிக்கு அடியிலிருந்த பாரத்தை எடுத்தார். "ஒரு பிளக்கு. ஒரே ஒரு பிளக்கப் புடுங்கத் தெரியல. நீ கோலாலம்பூரு போயி கரண்டு படிக்கப் போறியா?" பாரத்தைக் கிழிக்கவில்லை. நாலாக மடித்து அவள் கையில் கொடுத்தார். "வேணாம்னு சொல்லிக் கொடுத்துரு."

அவள் அதை நியாயம்தான் என்பதுபோல் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வாரம் அம்மா சொல்லி அனுப்பி, டிவி பழுது பார்க்கும் பாய் வீட்டுக்கு வந்தார். அப்பா வேலைக்குப் போயிருந்தார், அக்கா கிலாங்கில், அம்மா பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பாய் பெட்டியை மூலையிலிருந்து நகர்த்தி முதுகைக் கழற்றினார். டார்ச் அடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பிளக்குப் பக்கம் எல்லாம் சுத்தமா இருக்கும்மா. ஃபியூஸ் உசுரோட இருக்கு. இந்தா, இந்த நீல வில்லைகூடப் புதுசு மாதிரி இருக்கு பாரு. இடி வந்தப்ப பிளக்கு சுவத்துலயே இல்ல. இது ஏரியல் வழியா வந்தது. ஏரியல்ல வர்ற படத்தப் புடிக்கிற டியூனர் கருகிப் போச்சு. அப்பாகிட்டச் சொல்லு, வேற டியூனர் கெடைச்சா மாத்திரலாம்."

நான் தலையாட்டினேன்.

சாயங்காலம் அப்பா கேட்டார். "பாய் என்ன சொன்னாரு?"

"சரியாகாதுன்னாருப்பா."

செத்த பெட்டியைப் பற்றி அப்பா மேற்கொண்டு விசாரிக்கவில்லை. அது ஜாடியைத் தாங்கிக்கொண்டு அந்த மூலையிலேயே வருஷக்கணக்கில் நின்றது. இழுக்கும் கதவை யாரும் திறக்கவில்லை. என்னிடம் இருந்த நீல வில்லையை ஒருநாள் பின்வாசல் சாக்கடையில் போட்டுவிட்டேன். அது வீட்டில் இருக்கிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. "எங்க பாப்பா அது?" என்று அக்கா ஒரு தடவை கேட்டாள். தொலைந்துவிட்டது என்றேன்.

டிவி எரியாமல் இருந்திருந்தாலும் அப்பா வேறு ஏதாவது சொல்லித் தடுத்திருப்பார் என்று பல வருஷம் என்னை நானே தேற்றிக்கொண்டிருக்கிறேன். பெண் பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பப் பயந்த மனிதர்தானே அவர்? ஆனால் அந்தப் பேனா இருக்கிறதே. கையெழுத்துப் போட மனமில்லாதவர் எதற்காகப் பேனா வாங்கி வருவார்? அந்தப் பேனாவால்தான் பிறகு என் பள்ளிக்கூட ரிப்போர்ட் புத்தகத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். நான் படித்தேன், வேலைக்குப் போனேன், இதோ கெலுகோரில் வீடு வாங்கி உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா வில்லைக்குக் கால் வளைத்துக்கொண்டிருந்தாள். படிப்புக்கு லைனில் வேறொரு பெண் போனாள். அடுத்த வருஷமே கடலுக்கு அக்கரையில் மாக் மண்டினில் பட்டறை வேலையில் இருந்தவருக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வீட்டில் பல்பு போனால்கூட அக்கா கை வைக்கமாட்டாள். "எனக்கு வேணாம், என் கைய நம்ப முடியாது" என்பாள். லைனில் அத்தனை பேரில் தேர்ந்தெடுத்த கை அது. சொல்லிவிடலாம் என்று ஃபெர்ரி ஏறிப் போவேன். அவள் மீன்குழம்பு வைத்து, பிள்ளைகளை என் மடியில் உட்கார வைத்து, "சின்னம்மா மாதிரி படிக்கணும்" என்பாள். நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவேன். அப்பாவும் போய்ச் சேர்ந்தார், அம்மாவும் போனாள். தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம்.

அக்காவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பிப் போன பிறகு நானும் அவள் மகளும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மணி நாலு இருக்கும். வானம் உறுமியது. அக்கா மகள் பேச்சை அப்படியே விட்டுவிட்டு எழுந்து டிவி பிளக்கைப் பிடுங்கினாள், காற்றாடிப் பிளக்கைப் பிடுங்கினாள்.

"பழக்கம் சின்னம்மா. அம்மா வளர்த்த வளர்ப்பு. சின்ன வயசுல ஒரு தடவ புடுங்க மறந்து டிவிய எரிச்சுட்டாங்களாமே. அதச் சொல்லிச் சொல்லியே எங்கள வளர்த்தாங்க."

நான் தரையில் கிடந்த பிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆஸ்பத்திரில இருக்கறப்பகூட அதே பேச்சுதான். 'அன்னைக்கு நான் பிளக்கப் புடுங்குனேனா இல்லியான்னு உங்க சின்னம்மாவக் கேளு, அவதான் கூட இருந்தா'ன்னு ரெண்டு மூணு தடவ சொன்னாங்க. மருந்து மயக்கத்துல ஏதோ பேசுறாங்கன்னு விட்டுட்டேன். உங்களுக்கு ஒரு போன் அடிச்சுக் கேட்டிருக்கலாம்."

"புடுங்கினா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "உங்கம்மா புடுங்கிட்டாம்மா. நான் பாத்தேன். மாட்டினது நான்."

அவள் என்னைப் பார்த்தாள். நாற்பது வருஷத்துக்கு முந்திய ஒரு பிளக் அவளுக்கு என்ன பெரிய விஷயம்?

"அப்படியா? அம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க, சின்னம்மா" என்று சொல்லிவிட்டு, ஐஸ்பெட்டிப் பிளக்கைப் பிடுங்க அடுப்படிக்குப் போனாள்.